சினாப்ஸின் கட்டமைப்புப் புரதங்களை அடையாளம் காணல்: எந்த வழி எந்தக் கேள்விக்கு?

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில், ஒன்றன் மென்சவ்வுக்கும் மற்றதன் மென்சவ்வுக்கும் இடையே உள்ள பிளவின் அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். அதன் ஒரு கரையில், நரம்புணர்வு கடத்திகளைச் சுமந்த நுண்பைகள் வந்தணைந்து தம் சரக்கைக் கொட்டும் செயல்மண்டலம் இருக்கிறது. மறுகரையில், அந்தச் சரக்கைப் பெறும் ஏற்பிகளைச் செறிவாகப் பிடித்து வைத்திருக்கும் பின்சினாப்ஸ் அடர்பகுதி இருக்கிறது. கிளர்ச்சியூட்டும் சினாப்ஸ்களில் இந்த அடர்பகுதி 30 முதல் 50 நானோமீட்டர் வரை தடிப்பும் சில நூறு நானோமீட்டர் அகலமும் கொண்ட தட்டு போல எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கருமையாகத் தெரியும். ஏற்பிகளும் நொதிகளும் வந்துபோய்க்கொண்டிருக்க, அவற்றை உரிய இடத்தில் நிறுத்தி இரு கரைகளையும் நேருக்கு நேராக வைத்திருக்கும் புரதங்களையே கட்டமைப்புப் புரதங்கள் என்கிறோம். பிஎஸ்டி-95, ஷாங்க், ஹோமர், ஜெஃபிரின், பாசூன், பிக்கோலோ, ரிம், நியூரெக்சின், நியூரோலிஜின் ஆகியவை அவற்றுள் பலமுறை ஆராயப்பட்டவை.

புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்குபவர் முன்னால் இன்று பல வழிகள் உள்ளன. எந்தக் கருவி நவீனமானது என்பதைப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. “அடையாளம் காணல்” என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தப் புரதம் அங்கே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. அதை எடுத்துவிட்டால் அமைப்பு சரியுமா என்பது மூன்றாவது. “கட்டமைப்பு” என்ற அடைமொழிக்கு ஒரு புரதத்தை உரியதாக்குவது இந்த மூன்றாவது கேள்விக்கான விடையே. கீழே ஒப்பிடப்படும் முறைகளில் ஒன்றுகூட மூன்றுக்கும் தனியாக விடை தருவதில்லை. ஆயினும் முதல் கேள்விக்கான விடையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு விடை கண்டதாகச் சொல்லும் ஆய்வுரைகள் இத்துறையில் அரியவை அல்ல.

பிரித்தெடுத்து எடை பார்த்தல்

மிகப் பழைய வழியும், இன்றும் பல ஆய்வகங்களில் முதலில் எடுக்கப்படும் வழியும் இதுவே. மூளைத் திசுவைச் சர்க்கரைக் கரைசலில் மென்மையாக அரைத்தால், சினாப்ஸின் முன்முனை நரம்பிழையிலிருந்து கிள்ளப்பட்டு, பின்பக்கத்தின் ஒரு துண்டையும் ஒட்டிக்கொண்டு, தானே மூடிய சிறு உருண்டையாகிவிடுகிறது. சினாப்டோசோம் எனப்படும் இவ்வுருண்டைகளை மையவிலக்கில் அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் கிரேயும் விட்டேக்கரும் ஒரு பக்கமும், டி ராபர்ட்டிஸின் குழுவினர் மறுபக்கமுமாக நிலைநாட்டினார்கள். பின்னர், டிரைட்டான் எக்ஸ்-100 போன்ற டிடர்ஜென்டால் சினாப்டோசோமைக் கழுவினால் மென்சவ்வும் பிறவும் கரைந்துபோக, அடர்பகுதி மட்டும் கரையாமல் எஞ்சுகிறது என்பது 1970களில் தெளிவாயிற்று. எஞ்சியதை டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, கிடைக்கும் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை), மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியில் செலுத்தினால் புரதங்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும்.

இவ்வழியின் வலிமை எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. மரபணு மாற்றம் செய்யப்பட்ட விலங்கும் தேவையில்லை. மனித மூளைத் திசுவிலும் செய்யலாம். அடர்பகுதியில் மிகுதியாக இருக்கும் கால்மோடுலின் சார்ந்த கைனேஸ்-2 என்னும் நொதி 1980களிலும், பிஎஸ்டி-95 தன் பெயருடன் 1992இலும் வெளிப்பட்டது எலி மூளையிலிருந்து பிரித்த இந்தப் பகுதியிலிருந்துதான். பிஎஸ்டி-95இன் அமினோ அமில வரிசை, பழ ஈயில் கட்டிகளை அடக்கும் ஒரு புரதத்தை ஒத்திருப்பது அப்போது தெரியவந்தது. பீடிஇசட் என்று இன்று அழைக்கப்படும் பிணைப்புக் களத்தின் கதை அங்கிருந்து விரிகிறது. 2011இல் மனிதப் பெருமூளைப் புறணியின் அடர்பகுதியிலிருந்து 1461 புரதங்கள் பட்டியலிடப்பட்டதும் இதே வழியின் விளைவே.

அந்த 1461 என்ற எண்ணை இன்னொரு கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சராசரி அளவுள்ள ஓர் அடர்பகுதியில் பிஎஸ்டி-95 மூலக்கூறுகள் ஏறத்தாழ 300 இருக்கலாம் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கி வழி நிறையளவீடும், ஒளிர்வின் அளவை வைத்துச் செய்த தனி மதிப்பீடும் 2005இல் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தந்தன. மிகுதியாக உள்ள ஒரு புரதத்துக்கே சில நூறு பிரதிகள்தாம் என்றால், ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் ஒரே சினாப்ஸில் ஒருசேர உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்கொள்ள இயலாது. பட்டியல் என்பது கோடிக்கணக்கான சினாப்ஸ்களின் கூட்டுத்தொகை. அதில் சில சினாப்ஸ்களில் மட்டும் இருப்பவை, அவ்வப்போது வந்துபோகின்றவை, கழுவும்போது ஒட்டிக்கொண்டவை ஆகிய எல்லாம் கலந்துள்ளன. மைட்டோகாண்ட்ரியப் புரதங்களும், மயலின் உறையின் புரதங்களும், நரம்பணு அல்லாத கிளியா செல்களின் இழைப்புரதங்களும் இப்பட்டியல்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கு இந்த ஒட்டுதலே பெரும்பாலும் காரணம்.

இவற்றைவிட நயமான ஒரு சிக்கல் திசுவை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. இரத்த ஓட்டம் நின்ற பின் மூளையைக் குளிர்விக்கத் தாமதமானால், மேற்சொன்ன கைனேஸ்-2 அடர்பகுதியில் மேலும் மேலும் திரண்டு சேர்கிறது, டியூபுலினும் அவ்வாறே. மனிதத் திசுவில் இறப்புக்கும் உறைய வைப்பதற்கும் இடைப்பட்ட மணிநேரங்கள் வேறுபடும் என்பதால், நோயுற்றோரையும் மற்றோரையும் ஒப்பிடும்போது கிடைக்கும் வேறுபாடு நோயினுடையதா, தாமதத்தினுடையதா என்று பிரிக்க முடியாமல் போகலாம். விலங்கு ஆய்வில் இதைக் கட்டுப்படுத்துவது எளிது. மனிதத் திசுவில், ஒப்பிடப்படும் இரு குழுக்களின் இடைவெளி நேரமும் ஒத்திருக்குமாறு தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேலும், பிஎஸ்டி-95க்கு பிஎஸ்டி-93, எஸ்ஏபி-97, எஸ்ஏபி-102 என்று மூன்று நெருங்கிய உறவுப் புரதங்கள் உண்டு. டிரிப்சின் வெட்டிய சிறு பெப்டைடுகள் பல, இந்நான்கில் இரண்டுக்கோ மூன்றுக்கோ பொதுவானவை. பொதுவான துண்டை மட்டும் கண்டுவிட்டு எந்த உறவினர் வந்தார் என்று மென்பொருள் முடிவுசெய்தால் அந்த முடிவு வெறும் ஊகமே. குடும்பப் புரதங்களைப் பற்றி எதையும் சொல்லுமுன், அந்தப் புரதத்துக்கே தனித்துரிய பெப்டைடுகள் எத்தனை கிடைத்தன என்று பார்ப்பது இத்துறையின் மிகச் சிறிய, மிக எளிதாகத் தவறவிடப்படும் ஒழுக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இம்முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. கிரே 1959இல் சினாப்ஸ்களை இரு வகையாகப் பிரித்தார். அவற்றில் இரண்டாம் வகைக்கு, அதாவது பெரும்பாலும் தணிப்புச் சினாப்ஸ்களாக அமைந்தவற்றுக்கு, தடித்த அடர்பகுதி இல்லை. டிடர்ஜென்ட் கழுவலைத் தாங்கி நிற்கும் தட்டு இல்லாத இடத்தில் தட்டைப் பிரித்தெடுக்கும் முறையால் என்ன பயன்? தணிப்புச் சினாப்ஸின் கட்டமைப்பைத் தேடுபவர் இந்தப் பாதையில் பல மாதங்களைச் செலவிடாமல் நேராக அடுத்த பகுதிகளுக்குச் செல்வதே நல்லது.

ஒன்றைப் பிடித்து மற்றவற்றை இழுத்தல்

அறிந்த ஒரு புரதத்தைத் தூண்டிலாக்கி, அதனுடன் ஒட்டி வருபவற்றைப் பார்ப்பது இரண்டாம் வழி. தணிப்புச் சினாப்ஸின் முதன்மைக் கட்டமைப்புப் புரதமான ஜெஃபிரின் இப்படித்தான் அகப்பட்டது. 1982இல் கிளைசின் ஏற்பியை, அதனுடன் இறுகப் பிணையும் நச்சான ஸ்ட்ரிக்னினின் வழிப்பொருளைக் கொண்ட பத்தியில் செலுத்திப் பிரித்தபோது, ஏற்பியின் சொந்த உறுப்புகளுடன் 93 கிலோடால்டன் நிறையுள்ள வேறொரு புரதமும் சேர்ந்தே வந்தது. அது மென்சவ்வைக் கடக்காத, உட்பக்கம் ஒட்டியிருக்கும் புரதம் என்பதும், ஏற்பியை உட்புறச் சட்டத்துடன் கட்டிவைப்பது அதுவே என்பதும் பின்னர் வந்த தெளிவுகள். நியூரெக்சினைத் தூண்டிலாக வைத்து 1995இல் நியூரோலிஜின் பிடிபட்டதும் இவ்வகையே. அந்த நியூரெக்சினும் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கருப்பு விதவைச் சிலந்தியின் நச்சைத் தூண்டிலாக்கிப் பிடிக்கப்பட்டது. நஞ்சுகளுக்கு நரம்பியலில் இருக்கும் இந்த மரியாதையான இடம் தனியே எழுதத் தக்கது.

இன்று நச்சுக்குப் பதில் எதிர்ப்பொருளோ, புரதத்தின் முனையில் மரபணு வழியாகச் சேர்த்த ஒட்டுவாலோ கைப்பிடியாகிறது. இவ்விரண்டில் எனக்கு ஒட்டுவாலின் மீதே நம்பிக்கை அதிகம். எதிர்ப்பொருள் தன் இலக்கை விட்டு வேறொன்றையும் பிடிக்கக்கூடும். இலக்கின் பிணைப்புப் பரப்பையே மறைத்துக் கூட்டாளிகளை உதிர்த்தும் விடலாம். சுண்டெலியின் பிஎஸ்டி-95 மரபணுவிலேயே இரட்டைத் தூய்மிப்பு ஒட்டுவாலைச் சேர்த்து 2009இல் செய்த ஆய்வில் 118 புரதங்கள் கிடைத்தன. அடர்பகுதி முழுவதையும் வடித்தெடுத்தபோது கிடைத்த ஆயிரக்கணக்குடன் ஒப்பிட்டால் இது சிறிய எண். ஆனால் இந்த 118இல் ஒவ்வொன்றுக்கும் பிஎஸ்டி-95உடன் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. குறுகிய பட்டியல் பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

இவ்வழியின் அடிப்படை முரண், இழுக்க வேண்டுமென்றால் முதலில் கரைக்க வேண்டும் என்பதே. அடர்பகுதியோ கரையாததாலேயே அடர்பகுதி என்று அறியப்பட்டது. மென்மையான டிடர்ஜென்டில் அது கரையாது. டிஆக்சிகோலேட் போன்ற கடுமையானதைக் காரநிலையில் பயன்படுத்தினால் கரையும், ஆனால் வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்துவிடும். ஆகவே இங்கு கிடைப்பது வலுவான உறவுகளின் படம். சட்டத்தின் நடுக்கம்பிகளை அது நன்றாகக் காட்டும், ஓரங்களை விட்டுவிடும்.

இவ்விடத்தில் ஈஸ்ட் இரட்டைக் கலப்பு முறையையும் குறிப்பிட்டு நகரலாம். இரு புரதங்கள் ஈஸ்ட் செல்லுக்குள் ஒன்றையொன்று தொட்டால் மட்டும் ஓர் அறிகுறி மரபணு விழித்துக்கொள்ளும்படி அமைத்த அந்தச் சோதனை, 1995இல், குளூட்டமேட் என்னும் கடத்தியைப் பெறும் என்எம்டிஏ ஏற்பியின் வால்முனை பிஎஸ்டி-95உடன் பிணைவதைக் காட்டியது. 1990களின் பிற்பாதியில் ஜிகேஏபி, ஷாங்க் போன்ற அடர்பகுதிப் புரதங்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டதிலும் அதற்குப் பங்குண்டு. ஆயினும் நரம்பணுவில் ஒருபோதும் சந்திக்காத இரண்டு புரதங்களும் ஈஸ்ட்டில் கைகுலுக்கக்கூடும். புதியவற்றைத் தேடும் முதற்படியாக அதை இன்று பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இருவருக்கிடையே நேரடிப் பிணைப்பு உண்டா என்று உறுதிசெய்யும் துணைச் சோதனையாக அது இன்னும் பயன்படும்.

அக்கம்பக்கத்தைக் குறியிடல்

கரைக்காமலே கூட்டாளிகளைக் கண்டறிய முடியுமா என்ற கேள்விக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிடைத்த விடைதான் அண்மைக் குறியீட்டு முறைகள். தூண்டில் புரதத்துடன் ஒரு நொதியை இணைத்து உயிருள்ள செல்லில் வைத்தால், அந்த நொதி தன்னைச் சுற்றியுள்ள புரதங்கள்மீது பயோட்டின் என்னும் சிறு மூலக்கூறைப் பதிக்கிறது. அதன் பிறகு எவ்வளவு கடுமையான டிடர்ஜென்டால் கரைத்தாலும் குறி அழியாது. பயோட்டினை விடாமல் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் குறியிடப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி நிறை நிறமாலைமானிக்கு அனுப்பலாம். முந்தைய வழியின் அடிப்படை முரணை இது நேரடியாகவே தீர்த்துவிடுகிறது.

இக்குடும்பத்துக்குள்ளும் தேர்வு இருக்கிறது. 2012இல் வெளிவந்த பயோஐடி, பாக்டீரியத்தின் பிர்-ஏ நொதியில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றி அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள புரதங்களின் லைசின் என்னும் அமினோ அமிலங்கள்மீது அது குறியிடும். ஆனால் போதிய குறி சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதன் மேம்பட்ட வடிவமான டர்போஐடி 2018இல் வந்தபோது அந்த நேரம் 10 நிமிடமாகச் சுருங்கிற்று. ஏபெக்ஸ்-2 என்ற இன்னொரு வகை பெராக்சிடேஸ் நொதி. பயோட்டின்-ஃபீனாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தந்தால் ஒரே நிமிடத்தில் டைரோசின்கள்மீது குறியிட்டுவிடும். வேகமே வேண்டும் என்று ஏபெக்ஸைத் தேர்ந்தெடுப்பவர், ஹைட்ரஜன் பெராக்சைடு நரம்பணுவுக்கு நச்சு என்பதையும், உயிருள்ள விலங்கின் மூளைக்குள் அதைச் செலுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கட்டமைப்புப் புரதங்கள் நிமிடக்கணக்கில் இடம் மாறுபவை அல்ல. ஆகவே வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களில் ஒரு தூண்டலுக்குப் பின் நிகழும் மாற்றத்தைப் படிப்பவருக்கு ஏபெக்ஸ் பொருந்தும். நிலையான சட்டத்தை, அதுவும் விலங்கினுள், படிப்பவருக்குப் பயோஐடியோ டர்போஐடியோ போதும்.

இவ்வழி தன் தகுதியை மெய்ப்பித்தது, பிரித்தெடுத்தல் முறை கைவிட்ட இடத்திலேயே. 2016இல் ஜெஃபிரினுடன் இணைத்த பிர்-ஏ நொதியைச் சுண்டெலி மூளையில் இயங்கவிட்டு, தணிப்புச் சினாப்ஸின் உட்புறப் புரதங்கள் தொகுக்கப்பட்டன. அதுவரை பெயரற்றிருந்த சில, இன்சின்-1 போன்ற பெயர்களைப் பெற்றன. அதே ஆண்டில் சினாப்ஸ் பிளவின் புரதங்களும் அறியப்பட்டன. பிளவு என்பது சுவரில்லாத அறை; அதைப் பிரித்தெடுக்க எந்த மையவிலக்காலும் இயலாது. பிளவை நோக்கி நிற்கும் ஒட்டுப்புரதங்களுடன் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸை இணைத்து, மென்சவ்வைக் கடக்க இயலாத பயோட்டின்-ஃபீனாலைக் கொடுத்தபோது, செல்லுக்கு வெளியே, பிளவுக்குள் இருப்பவை மட்டும் குறிபெற்றன. கிளர்ச்சிச் சினாப்ஸுக்கும் தணிப்புச் சினாப்ஸுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் அவ்வாறு கிடைத்தன.

குறைகள் உண்டு. தூண்டில் புரதத்தை வைரஸ் வழியாக அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தால், அது சினாப்ஸில் மட்டும் அடங்காமல் செல் முழுதும் பரவி, கண்டதன்மீதெல்லாம் குறியிடும். செல்லில் இயல்பாகவே பயோட்டின் தாங்கிய கார்பாக்சிலேஸ் நொதிகள் ஒவ்வொரு பட்டியலிலும் முன்வரிசையில் வந்து நிற்கும். வெளிப்பரப்பில் லைசின் குறைவாக உள்ள புரதத்தை பயோஐடி தவறவிடும். இவற்றைவிட முக்கியமானது ஒப்பீட்டுக் கட்டுப்பாடு. நொதியே இல்லாத செல்லை மட்டும் கட்டுப்பாடாக வைத்தால், நரம்பணுவின் உட்பாகத்தில் எங்கும் இருக்கும் புரதங்கள் எல்லாம் “சினாப்ஸ் புரதம்” என்ற வேடத்தில் வரும். அதே நொதி, அதே அளவில், ஆனால் எந்த இடத்திலும் தங்காமல் செல்லின் திரவத்தில் மிதக்கும்படி அமைந்த செல்லே சரியான கட்டுப்பாடு. ஓர் அண்மைக் குறியீட்டு ஆய்வை மதிப்பிடுபவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லும் பக்கம்தான்.

குறுக்குப்பிணைப்பு நிறை நிறமாலை என்ற மற்றொரு முறையும் வளர்ந்து வருகிறது. இரு முனைகளிலும் லைசினைப் பற்றும் குறுகிய வேதிப் பாலத்தால் அண்டை புரதங்களைத் தைத்து, தைக்கப்பட்ட பெப்டைடு இணைகளைப் படிப்பதால், எந்தப் புரதத்தின் எந்தப் பகுதி எதனுடன் ஒட்டியுள்ளது என்பதுவரை அது சொல்கிறது. ஆனால் மிகுதியாக உள்ள புரதங்களையே அது பெரும்பாலும் காண்கிறது. தரவைப் படிக்கத் தேர்ந்த கை வேண்டும். முதல் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இடத்தைக் காணல்

பெயர் கிடைத்தபின் இடம். சாதாரண ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் 200 நானோமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், 20 நானோமீட்டர் பிளவின் எந்தக் கரையில் ஒரு புரதம் உள்ளது என்பதைக்கூட அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. “சினாப்ஸ் குறியீட்டுப் புரதத்துடன் ஒரே புள்ளியில் தெரிகிறது” என்ற வாக்கியம் எத்தனையோ ஆய்வுரைகளில் வருகிறது. அதன் பொருள், இரண்டும் கால் மைக்ரோமீட்டர் அண்மையில் இருக்கின்றன என்பது மட்டுமே. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒளிரவிட்டு இடங்குறிக்கும் மீப்பிரிதிறன் முறைகள் இந்தத் தடையை உடைத்தன. 2010இல் அத்தகைய முறையால் மூளைத் திசுவில் பத்துப் புரதங்களின் ஆழம் அளக்கப்பட்டபோது, பாசூனும் பிக்கோலோவும் செயல்மண்டலத்தில் ஒரு முனை மென்சவ்வை நோக்கியும் மறுமுனை உள்நோக்கியும் இருக்குமாறு நீண்டு நிற்கின்றன என்பது தெரிந்தது. நூற்றுக்கணக்கான கிலோடால்டன் நிறையுள்ள இவ்விரு புரதங்களின் நிற்கும் திசையைப் பிரித்தெடுத்தல் வழியாக யாரும் அறிந்திருக்க முடியாது. பின்பக்கத்தில் பிஎஸ்டி-95 மென்சவ்வை ஒட்டியும், ஷாங்க், ஹோமர் ஆகியவை அதற்கு உள்ளேயும் அடுக்காக அமைந்திருப்பதும் இவ்வகை அளவீடுகளாலும், தங்கத் துகள் ஒட்டிய எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் உறுதிப்பட்டது.

இங்கே தடை கருவியில் இல்லை, எதிர்ப்பொருளில் இருக்கிறது. முதல் எதிர்ப்பொருளும் அதன்மேல் ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருளும் சேர்ந்தால், ஒளிரும் புள்ளி இலக்கிலிருந்து 20 நானோமீட்டர் வரை விலகி நிற்கக்கூடும். 30 நானோமீட்டர் அடுக்குக்குள் ஆழம் அளப்பவருக்கு அது சிறு பிழை அன்று. இன்னொன்று, அடர்பகுதி தன் பெயருக்கேற்ப அடர்ந்தது. ஃபார்மால்டிஹைடால் நிலைநிறுத்திய பின் எதிர்ப்பொருள் உள்ளே நுழையவே இடமிருக்காது. பெப்சினால் சற்றே செரிக்க வைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் புரதங்கள் சாயம் ஏற்கின்றன என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட உண்மை. எனவே “சாயம் ஏறவில்லை, ஆகவே அங்கு இல்லை” என்று முடிவுகட்டுவது ஆபத்து. ஒட்டகக் குடும்பத்தின் எதிர்ப்பொருளிலிருந்து பெறப்பட்ட, 15 கிலோடால்டன் நிறை மட்டுமே உள்ள நானோபாடிகள் இந்த இரண்டு குறைகளையும் ஓரளவு தீர்க்கின்றன. உறைய வைத்த மாதிரியைப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவாக்கும் உறைகுளிர் எலக்ட்ரான் டோமோகிராஃபி சாயமே இல்லாமல் அமைப்பை இயல்பு நிலையில் காட்டுகிறது. ஆனால் அங்கே தெரியும் இழைகளுக்குப் பெயர் தெரியாது, பெயரை வேறு வழியில்தான் கொண்டுவர வேண்டும்.

எதிர்ப்பொருளைப் பற்றிக் குறைகளையே அடுக்கிவிட்டதால், அதன் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழ ஈயின் செயல்மண்டலத்தில் நிற்கும் புருக்பைலட் என்னும் கட்டமைப்புப் புரதம், பெயர் தெரியுமுன்பே சாயத்தால் அறியப்பட்டது. ஈயின் மூளைக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள் தொகுப்பில் என்சி-82 என்ற எண்ணுடைய ஒன்று சினாப்ஸ்களை மட்டும் அழகாகக் காட்டியது. அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது 2006இல்தான் வெளியாயிற்று. இடத்திலிருந்து பெயருக்குச் செல்லும் இந்தத் தலைகீழ்ப் பாதை இன்று அரிதாகிவிட்டது வருந்தத்தக்கது.

எடுத்துப் பார்த்தல்

இனி மூன்றாவது கேள்வி. பிஎஸ்டி-95 இல்லாத சுண்டெலி 1998இல் உருவாக்கப்பட்டபோது அதற்குச் சினாப்ஸ்கள் இருந்தன. கற்றலும் சினாப்ஸின் நெகிழ்வும் மாறியிருந்தன, ஆனால் கட்டடம் இடிந்துவிடவில்லை. இதை வைத்து அது கட்டமைப்புப் புரதமே அன்று என்று முடிவு செய்திருந்தால் தவறாகியிருக்கும். பிறவியிலிருந்தே ஒன்று இல்லாதபோது அதன் உறவுப் புரதங்கள் இடத்தை நிரப்ப நேரம் கிடைக்கிறது. 2011இல், வளர்ந்த நரம்பணுக்களில் பிஎஸ்டி-95இன் அளவைத் திடீரெனக் குறைத்து எலக்ட்ரான் டோமோகிராஃபியில் பார்த்தபோது, அடர்பகுதியில் மென்சவ்வுக்குச் செங்குத்தாக நிற்கும் இழைகள் குறைந்து, அடர்பகுதியில் ஆங்காங்கே வெற்றிடங்கள் தோன்றின. ஒரே புரதம், இரு விதமான நீக்கம், இரு வேறு விடைகள்.

முன்பக்கத்தில் நிலைமை இன்னும் சுவையானது. செயல்மண்டலத்தில் ரிம்மை மட்டும் எடுத்தாலும், எல்க்ஸ் என்ற மற்றொரு செயல்மண்டலப் புரதத்தை மட்டும் எடுத்தாலும் மண்டலம் பெரும்பாலும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து நீக்கிய 2016ஆம் ஆண்டு ஆய்வில் மண்டலத்தின் மற்றப் புரதங்களும் கலைந்து, நுண்பைகள் மென்சவ்வில் வந்தணைவது அற்றுப்போயிற்று. அப்போதும் சினாப்ஸ் சினாப்ஸாகவே எஞ்சியது. தாங்கும் பொறுப்பு பலரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே தனி நீக்கத்தில் ஒன்றும் நிகழாததைக் கொண்டு ஒரு புரதத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது. அதன் உறவினரையும், அது பற்றும் கூட்டாளியையும் சேர்த்து நீக்கிய பிறகே தீர்ப்புச் சொல்லலாம்.

தேர்வு

மனிதத் திசுவே கையில் உள்ளது, நோயுற்றோரின் கிளர்ச்சிச் சினாப்ஸை ஒப்பிட வேண்டும் என்பவருக்குப் பிரித்தெடுத்தலைத் தவிர வேறு நேர்மையான தொடக்கம் இல்லை. அவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைத் திசுவின் தாமத நேரத்தைச் சமன்செய்வதிலும், அடர்பகுதியுடன் அதற்கு முந்தைய கழுவல் கட்டங்களையும் சேர்த்து அளப்பதிலும் செலவிட வேண்டும்; ஒவ்வொரு கட்டத்திலும் செறிவு கூடிக்கொண்டே வந்த புரதத்துக்கும் வெறுமனே எஞ்சியிருந்த புரதத்துக்கும் வேறுபாடு அங்கேதான் தெரியும். கிடைத்த பெயர்களை, 2019இல் வெளியான சின்கோ என்னும் பொதுத் தரவுத்தளத்துடன் ஒப்பிடலாம். ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை வல்லுநர்கள் ஆதாரம் பார்த்துச் சேர்த்த தொகுப்பு அது. அதில் இல்லாததாலேயே ஒரு பெயர் பொய்யாகிவிடாது, ஆனால் அப்பெயருக்குக் கூடுதல் சான்று தேவை என்பதை அது உணர்த்தும்.

தணிப்புச் சினாப்ஸையோ பிளவையோ ஆராய்பவருக்கு அண்மைக் குறியீடே வழி. பொருட்செலவு இடித்தால் தூண்டில்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மிதக்கும் நொதியைக் கொண்ட கட்டுப்பாட்டைக் குறைக்கக் கூடாது. அறிந்த ஒரு புரதத்தின் உடனடிக் கூட்டாளிகளை மட்டும் தேடுபவர், குறியீட்டையும் இழுத்தலையும் ஒரே தூண்டிலில் செய்து, இரண்டிலும் வரும் பெயர்களுடன் தொடங்கலாம். ஒன்று பரப்பை மிகைப்படுத்தும், மற்றொன்று வலுவான பிணைப்பை மிகைப்படுத்தும். இருவழியிலும் தேறியது பெரும்பாலும் நிற்கும்.

ஒரேயொரு கருவியில்தான் பணத்தைப் போட முடியும் என்ற நிலையில் உள்ள ஆய்வகத்துக்கு, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் தூண்டில் புரதத்தின் சொந்த மரபணுவிலேயே ஓர் ஒட்டுவாலைச் செருகுவதை நான் முன்வைப்பேன். புரதம் தன் இயல்பான அளவிலேயே உற்பத்தியாகும். அதே வாலைப் பற்றி இழுக்கலாம், நானோபாடியால் ஒளிரவிட்டு ஆழம் அளக்கலாம், வாலையே ஒரு குறியீட்டு நொதியாக அமைக்கலாம், தேவைப்பட்டால் அந்த வாலின் வழியாகப் புரதத்தைச் சிதைக்கவும் ஏற்பாடு செய்யலாம். நரம்பணுக்களில் இப்படிச் செருகும் நுட்பங்கள் 2016 முதல் கைக்கு எட்டியவை. வாலை எந்த முனையில் வைப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு புரதத்துக்கும் தனியாக முடிவுசெய்ய வேண்டும். பிஎஸ்டி-95இன் தொடக்க முனையில் மூன்றாம், ஐந்தாம் இடங்களில் உள்ள சிஸ்டீன்கள்மீது கொழுப்பு அமிலம் ஏறினால்தான் அது மென்சவ்வில் தங்கும் என்பதால் அதற்கு வாலை இறுதி முனையில் வைக்க வேண்டும். நியூரோலிஜினும் என்எம்டிஏ ஏற்பியின் உறுப்புகளும் தம் இறுதி முனையாலேயே பீடிஇசட் களத்தைப் பற்றுவதால், அவற்றின் இறுதியில் வாலை ஒட்டினால் எந்தப் பிணைப்பைத் தேடுகிறோமோ அதையே அறுத்துவிடுவோம்.